ராத்திரி இரண்டு மணி அலாரம்: பல்லி ஓடினாலும் போலீஸ் வரணுமா?

வட சென்னையில் சத்தத்தோடு தூங்கப் பழகாதவர்கள் குறைவு. துறைமுகத்தில் கப்பல் ஊதும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஏர் ஹாரனை அழுத்திக்கொண்டே நகரும். திருவொற்றியூர் பக்கம் ஷிப்ட் மாறும்போது சங்கு கேட்கும். காசிமேட்டில் பொழுது விடிவதற்கு முன்பே மீன் ஏலம் களைகட்டிவிடும். இத்தனைக்கும் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு கடையின் திருட்டு அலாரம் அலறினால் என்ன ஆகும்?

பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மாடி வீட்டில் ஒருவர் புரண்டு படுப்பார். "அந்த செல்போன் கடைதான், அதுக்கு வேற வேலையில்ல" என்று முனகிவிட்டு ஃபேனைக் கூட்டி வைப்பார். அவ்வளவுதான்.

ராயபுரம் மார்க்கெட் பக்கம் உண்மையிலேயே அப்படி ஒரு செல்போன் கடை இருக்கிறது. ரீசார்ஜ், டெம்பர்டு கிளாஸ், சர்வீஸ், கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு நாலைந்து பழைய போன்கள். நடத்துபவர் ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மா. தெருவில் எல்லோருக்கும் அவர் 'அக்கா'. கணவர் விட்டுப்போன கடை அது. வீடு எண்ணூர் கத்திவாக்கத்தில். ஒரே மகன் ஷார்ஜாவில். இரண்டு கடை தள்ளி ஒரு ஷட்டரை யாரோ நெம்பியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், லீவில் வந்த மகன் ஆன்லைனில் ஓர் அலாரம் செட் வாங்கி, தெரிந்த எலெக்ட்ரீஷியனை வைத்து மாட்டிவிட்டுப் போனான். ஷட்டரில் காந்த சென்சார் ஒன்று, உள்சுவரில் ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் சென்சார் ஒன்று, வெளியே ஒரு சைரன், பெட்டிக்குள் ஒரு சிம்.

எது நடந்தாலும் தகவல் முதலில் ஷார்ஜாவுக்குப் போகும். அவன் அம்மாவைக் கூப்பிடுவான். அம்மா நூறைக் கூப்பிடுவார். கன்ட்ரோல் ரூமில் "எங்கேருந்து பேசறீங்க?" என்று கேட்பார்கள். "எண்ணூர்" என்பார். "சம்பவம் எண்ணூர்லயா?" "இல்ல சார், கடை ராயபுரம்." இதைப் புரியவைத்து முடிப்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும்.

முதல் தடவை ரோந்து வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. ஓர் ஏட்டு, ஓர் இளம் கான்ஸ்டபிள். டார்ச் அடித்துப் பார்த்தார்கள், பூட்டு பூட்டினபடி இருந்தது. ஆனால் உள்ளே என்ன என்று பார்க்கச் சாவி வேண்டுமே. கத்திவாக்கத்தில் ஆட்டோ பிடித்து அந்த அம்மா வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. ஷட்டரைத் தூக்கினால், சுவர் சென்சாரின் மேலேயே வாலை ஆட்டிக்கொண்டு ஒரு பல்லி.

"ஏம்மா, பல்லி தலையில விழுந்தா இன்னா பலன், தோள்ல விழுந்தா இன்னா பலன்னு காலண்டர்ல போட்டுக்கிறான். பல்லி ஓடினா போலீஸ் வரும்னு எங்கயும் போடலியே!" என்றார் ஏட்டு. எல்லோரும் சிரித்தார்கள். எதிர்த்த டீக்கடையில் அந்த நேரத்திலும் பால் காய்ந்துகொண்டிருந்ததால் ஆளுக்கொரு டீ.

இரண்டாவது தடவை காரணம் காற்று. மூன்றாவது தடவை, கரண்ட் போய் வந்தபோது பேட்டரி தடுமாறியது. அன்று ஏட்டு சிரிக்கவில்லை. டீயும் வேண்டாம் என்றுவிட்டார்.

"யம்மா, தப்பா நெனைக்காத. போன தடவை இங்க உன் சாவிக்காக நின்னுனு இருந்தப்போதான் காசிமேட்டுல ஓர் அடிதடி. நாங்க போய்ச் சேர லேட்டு. ஒரு பையனுக்குத் தலையில பதினாலு தையல்."

அந்த அம்மா மறுநாளே அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிட்டார். இரண்டு நாள் கழித்து ஷார்ஜாவிலிருந்து போன். "ஆஃப்லைன்னு காட்டுதும்மா, இன்னா ஆச்சு?" "நான்தான்டா புடுங்கிட்டேன்." "கடையில அவ்ளோ பொருள் இருக்கும்மா!" "அந்தப் புள்ளைக்குத் தலையில பதினாலு தையல்டா." அதற்கு மகனிடம் பதில் இல்லை. ஒரு வாரம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையில் குற்றவாளி யார்? பாவம், பல்லியைச் சொல்ல முடியாது. கடனை உடனை வாங்கிக் கடை நடத்துகிற அம்மா தன் பொருளைக் காப்பாற்ற நினைத்ததில் தப்பில்லை. தகவல் வந்தால் போயே ஆகவேண்டிய ஏட்டு மேலும் தப்பில்லை. அலாரம் அடிப்பதற்கும் போலீஸ் வண்டி கிளம்புவதற்கும் நடுவில் ஒரு படி இருக்க வேண்டும். அந்தப் படிதான் இங்கே இல்லை.

அலாரங்கள் ஏன் பொய் சொல்கின்றன என்பதற்கு வட சென்னையில் கூடுதல் காரணங்கள் உண்டு. சுவரில் மாட்டும் சென்சார் மனிதனைப் பார்ப்பதில்லை. தன் பார்வைக்குள் சூடு நகர்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. லென்ஸ் மேலேயே பல்லி ஊர்ந்தால் அதற்கு யானையே வந்த மாதிரி. தகரக் கூரைக் கடையில் பகல் சூடு ராத்திரியில் இறங்கும்போதும் மலிவான சென்சார் குழம்பும். ஷட்டர் சென்சார் இரண்டு துண்டுகள் கொண்டது. ஒன்று ஷட்டரில், ஒன்று சட்டத்தில். இரண்டுக்கும் இடையில் இடைவெளி கூடினால் 'திறந்துவிட்டார்கள்' என்று அர்த்தம். கன்டெய்னர் லாரி போகிற தெருவில் பழைய ஷட்டர் ஆடாமல் இருக்குமா? போதாக்குறைக்குக் கடற்காற்று. காசிமேட்டிலும் எண்ணூரிலும் ஜன்னல் கம்பியே இரண்டு வருஷத்தில் பொரிந்து உதிர்கிறது. மெல்லிய செப்பு இணைப்புகள் எம்மாத்திரம்? பேட்டரியை வருஷக்கணக்கில் மாற்றாமல் விடுவது இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடும் காரணம். மாட்டிவிட்டுப் போனவர் திரும்பி வந்து பார்ப்பதே இல்லை. அலாரம் வாங்கக் காசும், சுவரில் ஓட்டை போட ஓர் ஆளும் இருந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

ஆனால் கெட்டிக்காரத் திருடன் வரும்போது இதே சென்சார்கள் வாயைத் திறக்காது. 2021 ஜூனில் சென்னையில் ஸ்டேட் வங்கியின் பணம் போடும் இயந்திரங்களில் லட்சக்கணக்கில் பணம் போனது நினைவிருக்கலாம். ஹரியானாவிலிருந்து வந்த கும்பல் எதையும் உடைக்கவில்லை. பணம் வெளியே வரும் வாசலின் மூடியை மூடவிடாமல் கையால் பிடித்துக்கொண்டார்கள். பணத்தை யாரும் எடுக்கவில்லை என்று இயந்திரம் நம்பிவிட்டது. 2024 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் தனியார் முனையத்திலிருந்து லேப்டாப்கள் நிரம்பிய ஒரு கன்டெய்னரே காணாமல் போனது. மதிப்பு சுமார் 35 கோடி ரூபாய். உள்ளே வேலை செய்தவருக்கே அதில் தொடர்பு என்று போலீஸ் கைது செய்தது. முறைப்படி கேட் வழியாக வெளியேறும் லாரியைப் பார்த்து எந்த அலாரம் கத்தும்?

அதற்காக அலாரமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2024 செப்டம்பர் கடைசியில் கேரளத்தின் திருச்சூரில் ஒரே இரவில் மூன்று ஏ.டி.எம்.களை கேஸ் கட்டரால் அறுத்துவிட்டுப் பறந்த கும்பலை நம் நாமக்கல் மாவட்டத்தில்தான் துரத்திப் பிடித்தார்கள். அந்த மாதிரிக் கும்பலுக்கு ஓர் இயந்திரத்தை முடிக்கச் சில நிமிடங்கள் போதும். அப்படிப்பட்ட இரவில் ரோந்து வண்டி ஒரு பல்லியைத் தேடிக்கொண்டு நின்றால்?

இந்தத் தலைவலி சென்னைக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் போலீஸுக்கு வரும் திருட்டு அலாரங்களில் நூற்றுக்கு 90-க்கும் மேல் பொய் என்று பல நகரங்களின் கணக்குகள் சொல்கின்றன. சால்ட் லேக் சிட்டி என்ற நகரம் 2000-ம் ஆண்டு இறுதியில் ஒரு முடிவெடுத்தது. அலாரம் அடித்தால் முதலில் ஒரு மனிதர் போய்ப் பார்க்கட்டும், தனியார் காவலாளியானாலும் சரி. ஏதோ நடந்திருக்கிறது என்று அவர் சொன்னால் போலீஸ் உடனே வரும். அலாரத்துக்காகப் போலீஸ் ஓடுவது அங்கே பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

யோசித்துப் பார்த்தால் ராயபுரம் தெருக்களில் தடியைத் தட்டி விசில் ஊதிக்கொண்டு போகும் கூர்க்கா காலங்காலமாகச் செய்வதும் இதைத்தான். மாசம் பிறந்ததும் கடைக்கு ஐம்பது, நூறு என்று வாங்கிக்கொள்கிறவரிடம் ஒரு போன் நம்பரையும் ஒரு பொறுப்பையும் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

இங்கிலாந்தில் இன்னும் கறார். போலீஸ் வரவேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் அலாரத்தை மாட்ட வேண்டும். அதற்குப் போலீஸில் பதிவு எண் வாங்க வேண்டும். ஒரு சென்சார் அடித்தால் போதாது, இரண்டாவதும் அடித்து உறுதி செய்ய வேண்டும். சாவி வைத்திருக்கும் இரண்டு பேர் பெயர் கொடுக்க வேண்டும், அவர்கள் 20 நிமிடத்துக்குள் வந்து சேரக்கூடியவர்களாக இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் மூன்று தடவை பொய் அலாரம் அடித்தால், அந்தக் கட்டடத்துக்கு அலாரத்தை நம்பிப் போலீஸ் வருவது நிறுத்தப்படும்.

கடைசி விதியை மட்டும் அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. பெரிய நகைக்கடை இன்னொரு நல்ல கருவி வாங்கிக்கொள்ளும். செல்போன் கடை அம்மா வாங்க மாட்டார். 'அந்தக் கடைக்குப் போலீஸ் வராதாம்' என்ற சேதி தெருவில் பரவ ஒரு நாள் போதாதா? மற்ற விதிகளில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது, முக்கியமாக அந்தச் சாவி.

பக்கத்து மாநிலத்திலேயே ஒரு வழி இருக்கிறது. கேரளக் காவல்துறை, கெல்ட்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தில், கட்டணம் கட்டிச் சேர்ந்த கடைகள், வங்கிகள், வீடுகளின் அலாரம் திருவனந்தபுரத்தில் உள்ள போலீஸ் கன்ட்ரோல் ரூமுக்கே போகிறது. கூடவே கேமரா காட்சியும் போகிறது. உள்ளே நிற்பது ஆளா பூனையா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்து ஸ்டேஷனுக்குச் சொல்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு.

'சரி, ஏதோ ஒரு கடையில் ராத்திரி சைரன் அடிக்கிறது, இதற்குப் போய் இவ்வளவு பேச்சா?' என்று தென் சென்னையில் ஒருவர் கேட்கலாம். எண்ணூரில் கேட்க மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமி காசிமேட்டையும் எண்ணூர்க் குப்பங்களையும் புரட்டிப்போட்ட நான்காம் நாள், டிசம்பர் 30-ம் தேதி, மறுபடியும் அலை வரலாம் என்று மத்திய அரசிடமிருந்து எச்சரிக்கை வந்தது. பிணம் எடுத்த கை காய்வதற்குள் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஓடினார்கள். அலை வரவில்லை. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா பக்கம் பெரிய நிலநடுக்கம், சென்னையே லேசாக ஆடியது, கடற்கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். அன்றும் பயந்தபடி அலை வரவில்லை. பிறகு 2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களை எழுப்பியது நெடியும், கண் எரிச்சலும், கதவைத் தட்டிய அக்கம்பக்கத்தாரும்தான். பைக்கிலும் ஆட்டோவிலும் கால்நடையாகவும் ஊரே வெளியேறியது. 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அந்த இரவில் ஈரத் துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களில் செல்போன் கடை அம்மாவும் ஒருவர். அதனால்தான் அலாரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவருக்குக் கோபம் வேறு மாதிரி வருகிறது. "ஊத வேண்டிய எடத்துல ஊதல. ஊத வேணாத எடத்துல தெனம் ஊதுது" என்கிறார்.

புலி வருது கதையில் கடைசியில் நிஜமாகவே புலி வந்தபோது ஊர் வரவில்லை. அந்தக் கதையில் பொய் சொன்னவன் ஒரு சிறுவன், கண்டித்துத் திருத்தியிருக்கலாம். இங்கே பொய் சொல்வது ஒரு பிளாஸ்டிக் பெட்டி. தெருவுக்குப் பத்து பெட்டிகள் இப்படிப் பொய் சொன்னால், சைரன் என்றாலே 'ஏதோ கடை' என்று காது முடிவுகட்டிவிடும். தொழிற்சாலைகளும் எண்ணெய்க் குழாய்களும் உரக் குழாய்களும் சூழ்ந்த ஊரில் காது அப்படிப் பழகிவிடுவது திருட்டை விடப் பெரிய ஆபத்து.

மூன்றாவது தடவைக்குப் பிறகு ஒருநாள் மதியம் அந்த ஏட்டே மஃப்டியில் கடைக்கு வந்தார். ரீசார்ஜ் செய்யத்தான் வந்தார் என்றாலும், வயர் பிடுங்கிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "நான் புடுங்கச் சொல்லலியேம்மா, சரி பண்ணுன்னுதானே சொன்னேன்" என்றார். மெக்கானிக் வந்து சுவர் சென்சாரைக் கீழே இறக்கி, பல்லி ஏறாத மூலையில் மாட்டினார். பேட்டரி மாற்றினார். இரண்டு சென்சாரும் அடித்தால்தான் வெளிச் சைரன் அலறும்படி அமைத்தார். இன்னொரு சாவி எதிர்த்த டீக்கடை அண்ணனிடம் போனது. இத்தனைக்கும் ஆன செலவு, மூன்று ராத்திரி ஆட்டோவுக்குக் கொடுத்ததை விடக் கொஞ்சம்தான் அதிகம்.

ஒரு ஏட்டின் நல்ல மனசால் நடந்தது இது. அதையே ஒரு நடைமுறையாக்கக் காவல்துறைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், பூட்டிய வீட்டை ரோந்தில் பார்த்துக்கொள்கிறோம் என்று போலீஸ் ஏற்கெனவே சொல்கிறது. அதே ஸ்டேஷனில் அலாரம் வைத்திருக்கும் கடைகளுக்கும் ஒரு பதிவேடு போடலாம். கடைப் பெயர், மாட்டியவர் நம்பர், சாவி வைத்திருக்கும் இருவர் நம்பர், அதில் ஒருவராவது நடந்தே வரும் தூரத்தில் இருக்க வேண்டும். அலாரம் அடித்தால் முதல் போன் சாவிக்காரருக்கு. அவரோ கூர்க்காவோ பூட்டு உடைந்திருக்கிறது என்றால், அல்லது கேமராவில் ஆள் தெரிந்தால், வண்டி பறக்கட்டும். சாவிக்காரர் தனியாக உள்ளே போகக் கூடாது, தெருவிலிருந்து பார்த்துச் சொன்னால் போதும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். யாரும் போனை எடுக்காவிட்டால் போலீஸ்தான் போக வேண்டும், வேறு வழியில்லை.

இதில் சில நிமிடங்கள் வீணாகும், நிஜத் திருடனுக்கு அது லாபம் என்பார்கள். உண்மைதான். ஆனால் இப்போது மட்டும் என்ன வாழ்கிறது? பத்து பொய்க்கு ஓடிக் களைத்தவர்கள் பதினோராவதுக்கு எந்த வேகத்தில் போவார்கள்? வங்கிக்கும் ஏ.டி.எம்.முக்கும் கேமரா இருக்கிறது. அங்கே சரிபார்க்க நொடிகள் போதும். ஆபத்தில் இருக்கும் ஒரு பெண்ணோ முதியவரோ தன் கையால் அழுத்தும் அவசர பட்டனை இந்தக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அதற்குச் சரிபார்ப்பு எதுவும் வேண்டாம், உடனே போக வேண்டும்.

அபராதம்? முதல் இரண்டு தடவைக்கு வேண்டவே வேண்டாம். மூன்றாவது தடவை எழுத்தில் ஒரு நோட்டீஸ். இத்தனை நாளுக்குள் பழுது பார்த்து மெக்கானிக்கிடம் கையெழுத்து வாங்கி வா என்று. அதற்குப் பிறகும் பேட்டரி மாற்ற மாட்டேன் என்கிற பெரிய கடைக்கும் கிடங்குக்கும் வேண்டுமானால் கட்டணம் போடலாம். குப்பைச் சரக்கை மாட்டிவிட்டுப் போனை எடுக்காத ஆசாமிகளையும் ஸ்டேஷனுக்கு ஒருமுறை வரவழைக்கலாம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் சென்னை மாநகரக் காவல் மூன்றாகப் பிரிந்து, எண்ணூர் ஆவடி ஆணையரகத்துக்குப் போய்விட்டது. ராயபுரம் சென்னையிலேயே இருக்கிறது. கத்திவாக்கத்தில் படுத்திருப்பவரின் கடை ராயபுரத்தில் அலறினால் யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதையும் பதிவேட்டின் அதே பக்கத்தில் எழுதிவைத்துவிட்டால், இரண்டு மணிக்கு எழுந்து போனில் வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.